நண்டின் மறுபாதி

அந்த ஊரில் வாய் நிறையச் சிரிப்பவர்களில் பாதிப் பேர் பல்செட்டுக்காரரின் தயவில்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதை அவர்களும் வெளியில் சொல்வதில்லை, அவரும் சொல்வதில்லை. கடைத்தெருவில் எதிரே வருகிற ஆள் பளிச்சென்று பல்லைக் காட்டினால், அந்த முன்பல் இரண்டும் எந்த டப்பாவிலிருந்து எடுத்தவை என்பது அவருக்கு நினைவிருக்கும். தெரிந்தும் தெரியாதவர்போலப் பதிலுக்குச் சிரித்துவிட்டுப் போவார். செய்த வேலை வெளியே தெரிந்துவிட்டால் அது வேலையே இல்லை என்பது அவர் கட்சி. இந்தப் பாழாய்ப்போன கட்சிதான் அவருக்கு இருந்த ஒரே துணையையும் அவரிடமிருந்து பிரித்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

அவருக்குக் கல்யாணம் அமையவில்லை. யாராவது கிண்டிக் கேட்டால், "பொருந்துதா இல்லையான்னு மாட்டிப் பாத்தாத்தானே தெரியும்? யாரும் மாட்டிப் பாக்கவே விடல" என்பார். கேட்டவர் சிரித்து முடிப்பதற்குள் மேஜைக்குத் திரும்பியிருப்பார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் நீள மேஜை, அதன்மேல் கழுத்து வளைகிற விளக்கு, மெழுகு உருக்க ஒரு சின்ன அடுப்பு, பல் தீட்டுகிற மோட்டார். எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக ப்ளாஸ்டர் தூசி. ரேடியோவின் பித்தான்கள்கூட வெளுத்திருந்தன. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் மாவு மாதிரி ஒன்றை வைத்து அழுத்தி அளவெடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பல் இருந்த இடமெல்லாம் பள்ளம். பள்ளத்தில் ப்ளாஸ்டரை ஊற்றினால் பல் மேடாக வந்து நிற்கும். பள்ளத்தைப் பார்த்ததும் மேட்டைக் காண்பதற்கு அவர் கண் பழகியிருந்தது. முகத்தைத்தான் அவர் பார்ப்பதில்லை. நாளெல்லாம் வாய்களோடு இருந்தாலும் அவற்றில் ஒன்றும் அவரிடம் பேசாது.

பேசுவதற்கென்று வாய்த்தவர் மாப்பிள்ளை. தங்கையின் கணவர், பஸ் டிப்போவில் மெக்கானிக். ஓடுகிற எஞ்சின்களுக்கு நடுவே கத்திக் கத்திப் பழகிய குரல். தங்கையைக் கட்டிக்கொண்ட புதிதில், "வீட்டுக்குள்ளயே கெடந்தா நீயும் ப்ளாஸ்டராயிடுவ மச்சான், வா" என்று அவரைக் கடற்கரைக்கு இழுத்துப் போனவர் இவர்தான். மாப்பிள்ளைக்கு அப்போதே கல் பைத்தியம் பிடித்திருந்தது.

ஊருக்கு வெளியே கடலை ஒட்டி ஒரு செங்குத்தான பாறைச்சுவர் நீளத்துக்கு நிற்கிறது. சாம்பல் நிறம், அடுக்கு அடுக்காகக் களிமண்ணும் கல்லும். மழை பெய்தால் சரியும், அலை அடித்தால் சரியும், ஒன்றுமே இல்லாத நாளிலும் பொழுதுபோகாமல் கொஞ்சம் சரியும். அப்படிச் சரிகிற மண்ணுக்குள்ளிருந்து உருண்டைக் கற்கள் கடற்கரைக்கு வரும். பார்க்க வெறும் கல். உடைத்தால் சிலவற்றுக்குள் எந்தக் காலத்திலோ செத்துக் கல்லாகிப்போன நத்தையோ, சிப்பியோ, மீன் எலும்போ இருக்கும். படித்தவர்கள் புதைபடிவம் என்பார்கள். மாப்பிள்ளை "உள்ள ஆள் இருக்கு" என்பார்.

இருவருக்கும் ஒரு முறை உண்டு. மாப்பிள்ளை பஸ் நிற்கிற வடக்கு முனையிலிருந்து தேடிக்கொண்டு வருவார். பல்செட்டுக்காரர் வீடிருக்கிற தெற்கு முனையிலிருந்து வருவார். கரையின் நடுவே, எப்போதோ மேலிருந்து விழுந்த பெரிய பாறை ஒன்று கிடக்கிறது. நடுப்பாறை. அங்கே சந்தித்து, ஃபிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றிக் குடித்துவிட்டு, அதுவரை சேர்ந்த கற்களை உடைப்பார்கள். கல்லைக் கண்டெடுத்தவர் ஈரச் சாக்கில் சுற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர்தான் அடிக்க வேண்டும். "கண்டெடுத்தவன் கையில சுத்தியலக் குடுக்கக் கூடாது மச்சான். ஆசையில ஓங்கிப் போட்டுடுவான், எல்லாம் தூளாயிடும்" என்பது மாப்பிள்ளையின் சட்டம். கல் பிளந்தால் உள்ளே இருக்கிற உருவம் ஒரு பாதியில் நிற்கும், மறுபாதியில் அதன் பள்ளம் மட்டும் பதிந்திருக்கும். உருவம் கண்டெடுத்தவருக்கு. பள்ளம் அடித்தவருக்கு. தனியாக யாரும் உடைக்கக் கூடாது. தனியாக உடைத்தால் பிடிக்க ஆளில்லாமல் சில்லு தெறித்துப் போகும் என்பது ஒரு காரணம். திறக்கிறபோது பக்கத்தில் ஒரு ஆள் இல்லாவிட்டால் அதில் என்ன இருக்கிறது என்பது இன்னொரு காரணம். இரண்டாவதை அவர்கள் வாயால் சொல்லிக்கொண்டதில்லை.

நண்டு கிடைத்தது ஒரு மழைக்காலம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. கண்டெடுத்தது மாப்பிள்ளை, அடித்தது பல்செட்டுக்காரர். ஒரே அடி. வெண்ணெய்போலப் பிளந்தது. ஓடு, கால்கள், ஒரு பக்கத்துக் கொடுக்கு, எல்லாம் நேற்று நடந்து போனதுபோல அப்படியே. மாப்பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. அவருக்குப் பேச்சு வராதது அதுதான் முதல் தடவை. பிறகு வந்தது. "மச்சான், இன்னொரு கொடுக்கு எங்க?" மறுபக்கம் ஒரு மொட்டைத் தண்டு மட்டும் இருந்தது. இருவரும் சாக்கை உதறி, பாறையைச் சுற்றிச் சல்லடை போட்டுத் தேடினார்கள். கிடைக்கவில்லை. சுத்தம் செய்துகொடுக்கும்படி மாப்பிள்ளை நண்டை அவரிடமே விட்டுப் போனார். கல்லைச் சுரண்டுவதற்குப் பல் சுரண்டுகிற கம்பிகளைவிட நல்ல ஆயுதம் உலகத்தில் இல்லை.

சாயங்காலங்களில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு அவர் கால் காலாகச் சுத்தம் செய்தார். நண்டு அழகாகத்தான் வந்தது. ஆனால் அந்த மொட்டைத் தண்டு அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஓட்டைப் பல்லோடு ஒரு வாயைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனசு வருமா? இருந்த கொடுக்கைப் பார்த்து, அதற்கு ஜோடியாக மெழுகில் ஒன்று செய்தார். பிறகு பல்செட்டுக்கு ஊற்றுகிற அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் வார்த்தார். சுரண்டிய கல்பொடியைக் கலந்து நிறம் கொண்டுவந்தார். தண்டில் பொருத்திவிட்டுப் பார்த்தபோது எது கல், எது தன் வேலை என்று அவருக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை. அவருடைய தொழிலில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது.

மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தார். "கொடுக்கு கல்லுக்குள்ளயே இருந்துச்சா மச்சான்?"

"ம்" என்றார் பல்செட்டுக்காரர்.

நான் அந்த 'ம்'மைப் பொய் என்று சொல்ல மாட்டேன், உண்மை என்றும் சொல்ல மாட்டேன். புதுப் பல்லோடு வந்து "எப்படி இருக்கேன்?" என்று கேட்கிறவரிடம் "நான் செஞ்ச பல்" என்று யாராவது ஞாபகப்படுத்துவார்களா? அந்த வழக்கத்தில் வந்த 'ம்' அது. ஆனால் விஷயம் அந்த 'ம்'மில் போய் மாட்டிக்கொண்டது.

பக்கத்துப் பெரிய ஊரின் மியூசியத்தில், பொதுமக்கள் கண்டெடுத்தவற்றைக் கொண்டுவந்து காட்டலாம் என்று ஒரு நாள் வைத்தார்கள். மாப்பிள்ளை டிப்போ ஆட்களை ஒரு பட்டாளமாகக் கூட்டிக்கொண்டு போனார். துணி சுற்றிய நண்டை மேஜையில் பிரித்து வைத்தார். மியூசியத்து அம்மா நல்ல மாதிரி. முதலில் வாயடைத்துப் போனார். பிறகு, வழக்கமாகச் செய்வதுதான் என்று சொல்லி, ஒரு சின்ன ஊதா விளக்கை எடுத்து நண்டின் மேல் பிடித்தார். நண்டு இருட்டாகக் கிடந்தது. ஒரு கொடுக்கு மட்டும் பளபளவென்று வெளிர்நீலமாக எரிந்தது. "இது பிளாஸ்டிக் ஆச்சே" என்றார் அந்த அம்மா, கொஞ்சம் வருத்தமாகவே. "மத்தது நிஜமாத்தான் தெரியுது. ஆனா இப்படி ஒட்டினத சொல்லாம கொண்டு வந்தா, எதையுமே உறுதியா சொல்ல முடியாதுங்க." பின்னால் நின்ற கூட்டத்திலிருந்து டிப்போக் குரல் ஒன்று, "நண்டுக்கும் பல்செட்டாடா!" என்றது. கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு. மறுநாளிலிருந்து டிப்போவில் மாப்பிள்ளையின் பெயர் பல்செட்டு நண்டு. ஸ்பானர் கேட்டால்கூட, "நிஜ ஸ்பானரா, செஞ்ச ஸ்பானரா?" என்றார்களாம்.

மியூசியத்துக்குப் போன அன்று சாயங்காலமே மாப்பிள்ளை பட்டறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"அந்தக் கொடுக்கு நீ செஞ்சதா?"

"ஆமா மாப்ளே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா… அப்புறம் அது ஒட்டு வேலையாத் தெரியும். உனக்கு முழுசா இருக்கட்டுமேன்னு…"

மாப்பிள்ளை அலமாரியைப் பார்த்தார். அங்கே அத்தனை வருஷத்துப் பள்ளங்கள் வரிசையாக இருந்தன. அவர் வீட்டில் அவற்றின் உருவங்கள் இருந்தன. எல்லாம் இந்தப் பட்டறையில் சுத்தம் செய்யப்பட்டுப் போனவை.

"வேற எதெல்லாம் நீ செஞ்சது?"

ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்றுகூட இல்லை. அதைச் சட்டென்று சொல்லியிருக்கலாம். ஆனால் பல்செட்டுக்காரர் கையிலிருந்த கம்பியை மேஜையில் வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். இத்தனை காலம் கூடவே இருந்த ஆள் இப்படி ஒரு கேள்வியைக் கேட்பார் என்று அவர் நினைக்கவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு நடுப்பாறைக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பிறகு வரவே இல்லை.

நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்வதுண்டு. "நல்லா இருக்கீங்களா?" என்பார் மாப்பிள்ளை. முன்பெல்லாம் 'வாய்யா போய்யா' என்று தோளில் அடித்த ஆள். அந்த மரியாதை பல்செட்டுக்காரரைச் சுட்டது. தங்கை நடுவில் கிடந்து தவித்தாள். "அவர்கிட்ட ஒரு வார்த்த பேசேன் அண்ணா" என்பாள். வீட்டில் அவரிடம் "அண்ணாகிட்ட ஒரு வார்த்த பேசுங்களேன்" என்றிருப்பாள். இரண்டு பிடிவாதமும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துகொண்டன.

பல்செட்டுக்காரர் கடற்கரைக்குப் போவதை நிறுத்தவில்லை. தெற்கு முனையில் தொடங்குவார். நடுப்பாறை வரை போவார். அங்கே உட்கார்ந்து டீ குடிப்பார். ஃபிளாஸ்க்கின் மூடியே கோப்பை, அதனால் இன்னொரு கோப்பை பையிலேயே கிடக்கும். பிறகு திரும்பிவிடுவார். வடக்குப் பாதியில் அவர் காலை வைத்ததில்லை. அது மாப்பிள்ளையின் பாதி. அந்தப் பக்கம் புதுச் சரிவு விழுந்து, உருண்டைக் கற்கள் கண்ணுக்கு எட்டிய தூரம் சிதறிக் கிடந்த நாளிலும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வந்தார். கிறுக்கு என்றால் கிறுக்குத்தான். அவர் பாதியில் கிடைத்த கற்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லைப்புறத்தில் போட்டார். உடைக்கவில்லை. வருஷம் ஏற ஏறக் குவியலும் ஏறியது. முதலில் துணி துவைக்கிற கல் மறைந்தது, பிறகு ஜன்னலின் கீழ்ப்பாதி மறைந்தது. கேஸ் சிலிண்டர் போட வருகிற ஆள் ஒருநாள், "வீடு கட்டப் போறீங்களா சார்?" என்று கேட்டான். "ஆமாப்பா, மெதுவா" என்றார்.

சில சாயங்காலங்களில் வேலை முடிந்ததும் கொல்லைக் கதவைத் திறந்து அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அத்தனை கல்லுக்குள்ளும் யார் யாரோ. ஒருத்தர் முகமும் தெரியாது. அவருக்கு அழுகை வருகிற மாதிரி இருக்கும். ஆனால் யாருக்காக அழுவது என்று தெரியாமல் கதவைச் சாத்திவிடுவார்.

அப்புறம் ஒருநாள் தங்கையிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, இவருக்கு டிப்போல வேல முடிஞ்சுபோச்சு. பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. அவ இருக்கிற ஊருக்கே போயிடலாம்னு முடிவு பண்ணிட்டோம்."

"அங்க கடல் இருக்கா?"

"கடலா? பக்கத்துல ஒரு குளம்கூட இல்லண்ணா."

போனை வைத்துவிட்டு அவர் நெடுநேரம் நாற்காலியிலேயே இருந்தார். இத்தனை வருஷமும், எந்த ஞாயிறாவது வடக்கு முனையிலிருந்து ஒரு புள்ளி நகர்ந்து வரும் என்று ஒரு நினைப்பு அடிமனசில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. போகிற ஊரிலிருந்து இந்தக் கரைக்கு வர இனி பஸ்கூடக் கிடையாது. பேச வேண்டியதை இப்போது பேசாவிட்டால் எப்போதும் இல்லை. ஆனால் வெறுங்கையோடு போய் என்ன பேசுவது? பேச்சு அவருக்கு வராத வேலை. வார்க்க வரும். அடித்தவர் பங்காக நண்டின் பள்ளம் அவரிடம் இருந்தது. அதில் ப்ளாஸ்டர் ஊற்றி ஒரு நண்டு எடுத்து, 'இது முழுக்க நான் செஞ்சது' என்று சொல்லிக் கொடுத்துவிடலாம். அந்த ஒரு வாக்கியத்தையாவது சொல்லலாம்.

அலமாரியிலிருந்து மறுபாதியை இறக்கினார். அத்தனை காலமும் அதைச் சுத்தமே செய்ததில்லை. பள்ளத்தை யார் சுத்தம் செய்வார்கள்? விளக்கை இழுத்துத் தூசியை ஊதினார். ஓட்டின் பள்ளம், கால்களின் பள்ளம், ஒரு கொடுக்கின் பள்ளம். இன்னொரு கொடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பள்ளத்துக்குப் பதில் ஒரு மேடு. கல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சுரண்டி எடுத்துவிட்டால் ப்ளாஸ்டர் சரியாக இறங்கும் என்று கம்பியை வைத்தார். இரண்டு கீறலில் களிமண் உதிர்ந்தது. உள்ளே பழுப்பாக, வழுவழுப்பாக எதுவோ மின்னியது.

அவர் கை நின்றுவிட்டது.

வாயில் அளவெடுக்கும்போது, ஆடிக்கொண்டிருக்கிற பல் சில சமயம் அச்சோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். டாக்டர் கவனிக்காமல் அப்படியே டப்பாவில் போட்டு அனுப்பிவிடுவார். எத்தனை தடவை அவரே அச்சைத் திறந்து பார்த்து, "அட, பல்லே கூட வந்திருக்கே" என்று டாக்டருக்குப் போன் போட்டிருக்கிறார். பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் மேடு இருந்தால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் அவரைவிடத் தெரிந்தவர் யார்? அந்த நண்டின் கொடுக்கு எங்கேயும் தெறித்துப் போகவில்லை. அடித்த அடியில் கழன்று, அவர் பங்குக்கு வந்த பாதியிலேயே ஒட்டிக்கொண்டு, அவர் தலைக்கு மேலே அலமாரியில் இருந்திருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அவர் பொய்க் கொடுக்கைச் செய்திருக்கிறார். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அடித்துக்கொண்டார். தலைமுடியிலிருந்து ப்ளாஸ்டர் தூசி பறந்தது.

அடுத்த நாள் மாப்பிள்ளை வீட்டுக்குப் பஸ் ஏறினார். மறுபாதியைப் பஞ்சில் வைத்து, பல்செட் அனுப்புகிற அட்டைப்பெட்டியில் போட்டு, மடியிலேயே வைத்துக்கொண்டார்.

வீடு பாதி காலியாகியிருந்தது. சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளிர்ச் சதுரங்களாகத் தெரிந்தன. கூடம் முழுக்கக் கயிறு கட்டிய பெட்டிகள். மாப்பிள்ளை பழைய செய்தித்தாளில் தட்டுகளைச் சுற்றிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார்.

"வாங்க, உக்காருங்க" என்றார். உட்கார நாற்காலி எதுவும் இல்லை. தங்கை ஒரு பெட்டியை நகர்த்திப் போட்டுவிட்டு, டீ போடுகிற சாக்கில் உள்ளே போனாள். போனவள் கதவுக்குப் பின்னாலேயே நின்றாள் என்பது அவள் வளையல் சத்தத்தில் தெரிந்தது.

பல்செட்டுக்காரர் அட்டைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். "கொடுக்கு" என்றார். பிறகு, "உள்ள தான் இருந்துச்சு. என் பாதியில. நான் பாக்கல" என்றார். பஸ்ஸில் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த பேச்சு அவ்வளவாகச் சுருங்கிவிட்டது.

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். கல்லை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கட்டைவிரலால் கொடுக்கை மெதுவாகத் தடவினார்.

"வேற எதையும் நான் செய்யல மாப்ளே. அன்னிக்கு நீ கேட்டப்ப சொல்ல வரல. ஒண்ணுகூட செய்யல. இது ஒண்ணுதான்."

மாப்பிள்ளை கல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நண்ட எடுத்துட்டு வா" என்றார் பல்செட்டுக்காரர். "அந்தச் சனியன் பிளாஸ்டிக்கப் பேத்துப் போட்டுட்டு இத வெச்சுப் பாத்துடுவோம். அப்படியே போய் உக்காந்துக்கும். மியூசியத்து அம்மாகிட்ட இந்தத் தடவ நானே வந்து சொல்றேன்."

"நண்டு இல்ல."

"பொட்டில கட்டியாச்சா? பரவால்ல, பிரிச்சு…"

"இல்ல. அன்னிக்கே போட்டுட்டேன். உங்க பட்டறையிலேர்ந்து நேரா போயி, நடுப்பாறை மேல ஏறி நின்னு கடல்ல வீசிட்டேன்."

தங்கை டீயைக் கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை. தெருவில் பழைய சாமான் வாங்குகிறவன் மணியடித்துக்கொண்டு போனான். பல்செட்டுக்காரருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கல்லாகி மண்ணுக்குள் அத்தனை யுகம் பத்திரமாக இருந்த பிராணி, தங்கள் இரண்டு பேர் கையில் சிக்கி ஒரு மழைக்காலம் தாங்கவில்லையே என்றுதான் நினைத்துக்கொண்டார்.

எழுந்தார். மாப்பிள்ளை மறுபாதியை நீட்டினார்.

"வெச்சுக்கோ. கண்டெடுத்தவனுக்குத்தான் உருவம். நண்டு உன்னுதுன்னா கொடுக்கும் உன்னுதுதான்."

தங்கை பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். "வண்டி திங்கக்கிழம வருதுண்ணா" என்றாள். "உடம்பப் பாத்துக்கோ. வேளைக்குச் சாப்பிடு." பஸ் கிளம்பின பிறகும் கையைத் தூக்கியபடியே நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கடல் வற்றும் நேரம் பார்த்து அவர் எப்போதும்போலத் தெற்கு முனையில் இறங்கினார். முந்தின ராத்திரி நல்ல காற்று. புதிதாக மண் சரிந்து தண்ணீரைச் சேறாக்கியிருந்தது. அவர் கண் எதையும் பார்க்கவில்லை, கால்தான் நடந்தது. நடுப்பாறையில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைத் திறக்கும்போதுதான் பாறைக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. கூழாங்கல் புரள்கிற சத்தம்.

எட்டிப் பார்த்தார். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, முழங்காலளவு தண்ணீரில் குனிந்து, மாப்பிள்ளை இரண்டு கையாலும் கற்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். கரையில் அந்த அட்டைப்பெட்டி, பறக்காமல் மேலே ஒரு கல் வைத்து.

"மாப்ளே."

மாப்பிள்ளை நிமிர்ந்தார். முகமெல்லாம் உப்புத் தண்ணீர். கடல் தெறித்ததா வேறா என்று பல்செட்டுக்காரர் ஆராயவில்லை.

"இங்கேர்ந்துதான் வீசினேன்" என்றார் மாப்பிள்ளை. "ரொம்பத் தூரம் போயிருக்காது. அன்னிக்குக் காத்து எதிர்ல அடிச்சுது."

"அது எந்தக் காலம் மாப்ளே. கடல் இதுக்குள்ள அரைச்சு மணலாக்கியிருக்கும்."

"தெரியும் மச்சான்." மறுபடி குனிந்தார். "நீ அந்தப் பக்கம் பாரு."

பல்செட்டுக்காரர் செருப்பைக் கழற்றினார். வடக்குப் பக்கத்துத் தண்ணீரில் அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் காலை வைத்தார். இருவரும் எதிரெதிராகக் குனிந்துகொண்டு தேடினார்கள். கிடைக்காது என்று இருவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு கல்லையும் புரட்டினார்கள். அலை ஏறி இடுப்பைத் தொட்டபோது மாப்பிள்ளைதான் முதலில் கரையேறினார். பையிலிருந்து இன்னொரு கோப்பையை எடுத்து ஊதி, பல்செட்டுக்காரர் அவருக்கு டீ ஊற்றினார். கோப்பைக்குள் பழைய தூசி இருந்தது. மாப்பிள்ளை அதைக் கண்டுகொள்ளாமல் குடித்தார்.

"இத்தன வருஷம் என்னென்ன கெடச்சுது?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"உடைக்கல. எல்லாம் கொல்லையில கெடக்கு."

"ஏன்யா? உனக்குக் கையில்லையா? நீயே உடைக்கிறதுதானே?"

"யாரு பிடிக்கிறது?" என்றார் பல்செட்டுக்காரர்.

மாப்பிள்ளை கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு ஈரப் பேண்ட்டை உதறிக்கொண்டு எழுந்து, வடக்கே பஸ் நிற்கிற பக்கம் போகாமல், தெற்கே வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

கொல்லைக் கதவைத் திறந்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார். ஜன்னலின் மேல் கட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது குவியல். "அடப்பாவி" என்றார். "அடப்பாவி மச்சான்." வேறு வார்த்தை அவருக்கு அகப்படவில்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கடைசி பஸ்ஸுக்கு அவர் போயாக வேண்டும், காலையில் சாமான் வண்டி வந்துவிடும். ஒரு கல்லுக்குத்தான் நேரமிருந்தது.

"எத?" என்றார் மாப்பிள்ளை.

பல்செட்டுக்காரர் குவியலைச் சுற்றி வந்தார். எது முதலில் சேர்ந்தது என்று அவருக்குத் தெரியும், மாப்பிள்ளை வராமல் போன அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. சுவரோரம் அடியிலிருந்து அதை உருவினார். ஈரச் சாக்கில் சுற்றி, வாசற்படிக் கல்லில் வைத்து, மண்டியிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை சுத்தியலைக் கையில் வாங்கி எடை பார்த்தார். கல்லைத் தட்டி, காதை வைத்து, திருப்பச் சொல்லி, மறுபடி தட்டினார். எஞ்சினுக்குக் காது வைக்கிற மாதிரியே. பிறகு அடித்தார்.

கல் நேராக இரண்டாகப் பிளந்தது. சாக்கை விரித்தார்கள். இரண்டு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.

ஒன்றுமில்லை. இந்தப் பாதியிலும் சாம்பல் நிறக் கல், அந்தப் பாதியிலும் சாம்பல் நிறக் கல். ஆளில்லாத கல்.

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். பழைய டிப்போச் சிரிப்பு, பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டுப் பார்த்தார்கள். பல்செட்டுக்காரரும் சிரித்தார், மண்டியிட்டபடியே, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"இதுல உருவம் எது, பள்ளம் எது?" என்றார் மாப்பிள்ளை.

"நீ ஒண்ண எடுத்துக்கோ."

மாப்பிள்ளை தன் பாதியை ஈரச் சட்டையில் துடைத்து, கொடுக்கு இருந்த அட்டைப்பெட்டியிலேயே அதன் பக்கத்தில் பஞ்சுக்கு நடுவே வைத்து மூடினார். வாசலில் நின்று, "வரேன் மச்சான்" என்றார். "மிச்சத்த உடைச்சுடாத. நான் வரப்ப பாத்துக்கலாம்."

"எப்ப வருவ?"

மாப்பிள்ளை நடந்துகொண்டே இருந்தார். தெருமுனை திரும்புகிறபோது மட்டும் பெட்டியைத் தூக்கிக் காட்டினார்.

பல்செட்டுக்காரர் உள்ளே வந்து, அலமாரியில் நண்டின் மறுபாதி இருந்த காலி இடத்தில் தன் பாதியை வைத்தார். கொல்லைக் கதவைத் திறந்து குவியலைப் பார்த்தார். அடியிலிருந்து ஒரு கல்லை உருவியதில் மேலே இருந்தவை கொஞ்சம் இறங்கியிருந்தன, ஜன்னலின் மேல் ஓரமாக ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டு மேஜைக்குப் போய் விளக்கைப் போட்டார். காலையில் யாருக்கோ பல் அனுப்ப வேண்டியிருந்தது.